யுயாமா மன்னிப்புக் கேட்காத பத்தொன்பது நாட்கள்

எங்கள் மிகுரியா ரேசிங் அணிக்கு ஐம்பது வயது நிறைந்தது என்று போன வருஷம் ஒரு புத்தகம் போட்டார்கள். வழுவழுப்பான தாள், கெட்டி அட்டை. என் அண்ணன் முதல் ஃபார்முலா காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கும் படம், வாங்கிய கோப்பை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், காரோட்டிகள் பெயரெல்லாம் கொட்டை எழுத்தில். இருபத்திரண்டு வருஷம் எங்களோடு உழைத்த யுயாமா தெட்சுசோவுக்கு அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அரை வரி. அதுவும் ஊழியர் பட்டியலில், நுண்ணிய எழுத்தில். 1991-ஆம் வருஷத்துக்கு நேராக, "பாகக் கோளாறினால் விபத்து, மூன்று பந்தயங்களில் கலந்துகொள்ளவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கோப்பைக்குத் தாவிவிட்டார்கள்.

இப்போது முதலாளியாக இருக்கும் என் அண்ணன் மகனிடம் சண்டைக்குப் போனேன். "அத்தை, கொண்டாட்டத்துக்குப் போட்ட புத்தகத்துல அதெல்லாம் எதுக்கு?" என்றான். கல்யாண வீட்டில் இழவுக் கதை எதற்கு என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். இருக்கட்டும். எழுபத்தெட்டு வயதில் எனக்கு யாருடைய தயவும் வேண்டாம், நானே சொல்கிறேன்.

என் பெயர் கட்சுமாதா நோபுயே. அண்ணன் இவாவோ, கோதெம்பாவில் விவசாயிகளின் லாரிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். எங்கள் ஊர் எரிமலையின் அடிவாரத்தில் பந்தயத்தடம் வந்ததும் அவனுக்குப் பித்துப் பிடித்தது. லாரிப் பட்டறை பந்தயப் பட்டறை ஆயிற்று. அங்கே தொலைபேசி நான், சோறு நான், தேநீர் நான். போதாததற்கு நம்பர் நோட்டும் நான். காரின் முக்கியமான பாகம் ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் குத்தியிருக்கும். எந்த நம்பர் எந்தத் தேதியில் மாட்டப்பட்டது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது தூக்கி எறியப்பட்டது என்பதையெல்லாம் அதில் எழுதிவைப்பது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.

யுயாமா வந்தது 1987 வசந்தத்தில். அரசாங்க ரயில்வேயைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்களைக் குறைத்த சமயம். ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சோதிக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவருக்கு முப்பத்தெட்டு வயதில் வேலை போயிற்று. எங்களுக்கு லாரி ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. தேய்த்த சட்டை, வெள்ளைக் கையுறை, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. வந்த முதல் நாளே லாரியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்கு எதிரிலும் நின்று, விரலை நீட்டி, "இடது முன் சக்கரம், சரி!" என்று உரக்கச் சொன்னார். பட்டறையே சிரித்தது. ரயில்காரர்கள் அப்படித்தான். கண் பார்த்ததை விரல் காட்ட வேண்டும், விரல் காட்டியதை வாய் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை. பசங்கள் அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். காலையில் அவர் உள்ளே நுழைந்தால் யாராவது விசில் ஊதுவான்.

சமையலறையையும் அவர் விடவில்லை. ஒரு நாள் என் அடுப்புக்கு எதிரில் நின்று, "காஸ் மூடியாச்சு, சரி!" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"இது அடுப்புய்யா, எஞ்சின் இல்ல."

"ரெண்டுமே வெடிக்கும், அக்கா," என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டே வருஷத்தில் அவர் லாரியிலிருந்து காருக்கு வந்துவிட்டார். தலைமை மெக்கானிக் செரிசாவா வாய்த்துடுக்கான ஆள்தான், ஆனால் சுத்தமான வேலையை மதிக்கத் தெரிந்தவர். நான்கு சக்கரத்துக்கு நான்கு பேர் என்பது எங்கள் வழக்கம். இடது பின் சக்கரத்தை யுயாமாவிடம் கொடுத்தார். வண்டியின் பாரம் அதிகம் விழுகிற சக்கரம் அது. சக்கரத்தின் நடுவில் இருந்து அதைத் தாங்குகிற இரும்புத் துண்டை ஹப் என்போம். அதன் நுனியில் மரை வெட்டியிருக்கும். சக்கரத்தை அதில் ஏற்றி, ஒரே ஒரு பெரிய நட்டால் இறுக்கி, நட் கழலாமல் இருக்க ஒரு கிளிப் போட வேண்டும். யுயாமா இறுக்குவார், கிளிப் போடுவார், விரலை நீட்டுவார். "நட் சரி! கிளிப் சரி!" கொஞ்ச நாளில் மற்ற மூன்று பேரும் அதையே கத்த ஆரம்பித்தார்கள். பக்கத்து அணிக்காரர்கள், உங்கள் கொட்டகையில் என்ன பள்ளிக்கூடமா நடக்கிறது என்று கேலி செய்தார்கள்.

இரண்டு வருஷம் ஒரு சக்கரமும் கழலவில்லை. பிறகு 1991 ஏப்ரல் பதினான்காம் தேதி வந்தது.

வருஷத்தின் இரண்டாவது பந்தயம், அதுவும் எங்கள் சொந்தத் தடத்தில். ஊரே வந்திருந்தது. எங்கள் காரோட்டி நருசேவுக்கு இருபத்து நான்கு வயது, நான் பொரித்த கோழியை மூன்று பேர் பங்கு தின்கிற பிள்ளை. நான்காவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். பதினெட்டாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலையின் கடைசியில், இடது பின் சக்கரம் தனியாகக் கழன்று காருக்கு முன்னால் உருண்டு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கார் சுவரில் மோதியது. மோதிய பக்கம் முழுவதும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. பிள்ளை பிழைத்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

இடது பின் சக்கரம். யாருடைய சக்கரம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். மூன்று மொட்டைத் தலைகள் நின்றுகொண்டிருந்தன. என் அண்ணன், செரிசாவா, வலது பின் சக்கரக்காரன் இகெகாயா. தப்புக்குத் தலை மழிப்பது இங்கே வழக்கம்தான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே மழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். யுயாமா கடைசியாக வந்தார். தலையில் எண்ணெய், படிய வாரிய முடி, சீப்பு போன கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் அண்ணனோடு மருத்துவமனைக்குப் போனேன். கையில் பெட்டியில் வைத்த முலாம்பழம். நோயாளியைப் பார்க்கப் போனால் அதுதானே மரியாதை. வராந்தாவில் பார்த்தால் செரிசாவா அப்போதுதான் பழத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார், கதவோரத்தில் இகெகாயா இன்னொரு பழத்தோடு முறை காத்து நிற்கிறான். மூன்று மொட்டை, மூன்று பழம். நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொருவரும் உள்ளே போய், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லித் தரையைத் தொடக் குனிந்தோம். என்ன தப்பு என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது. நருசேயின் அம்மா ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் குனிந்தார்.

அப்போதுதான் யுயாமா வந்தார். கையில் பழம் இல்லை, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தன. நருசேயின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சக்கரம் கழலுவதற்கு முன்னால் கைக்கு என்ன தெரிந்தது என்று கேட்டார். மருந்து மயக்கத்திலும் அந்தப் பிள்ளை யோசித்துப் பதில் சொன்னான். இரண்டு சுற்றாகவே பின்பக்கம் நடுங்கியதாம், அப்புறம் ஈரக் குச்சியை ஒடித்தது போல ஒரு சத்தமாம். யுயாமா எழுதிக்கொண்டார்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "எம்புள்ள காலை ஒடிச்சுட்டு வந்து கணக்கு கேக்கறீங்களா? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வாயில வரலையா உங்களுக்கு?"

யுயாமா எழுந்து நின்றார். "கேக்கணும்மா. ஆனா எதுக்குக் கேக்கணும்னு எனக்கு இன்னும் தெரியல."

அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான்.

பட்டறைக்கு வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். குனிந்தால் இடுப்பு ஒடிந்துவிடுமா, முதலாளியே மொட்டையடித்துக்கொண்டு நிற்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன வீம்பு என்றேன். ரயில்வேயில் நடந்த ஒன்றை மட்டும் சொன்னார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பெட்டிகளைக் கோக்கும் இடத்தில் ஒரு ஆள் விழுந்து இறந்துபோனான். அவனுக்கு மேலே இருந்தவர் அன்று மாலையே அழுது மன்னிப்புக் கேட்டு, வேலையையும் விட்டுவிட்டார். என்ன பெரிய மனசு என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்று மாதத்தில் அதே இடத்தில் இன்னொருவன் செத்தான். கால் வைக்கிற பலகை அடியில் இற்றுப்போயிருந்தது. அதை யாரும் குனிந்து பார்த்திருக்கவில்லை.

"நான் இப்பக் குனிஞ்சா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க, அக்கா," என்றார். "அந்த நட்டை நான் இறுக்கினேன். காட்டினேன். சொன்னேன். அது கழலலை, வேற என்னமோ உடைஞ்சிருக்கு."

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம். ஊரே சொல்லுது, நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கறீங்க."

எங்கள் ஊரில் யாரும் யாரையும் போ என்று சொல்ல மாட்டார்கள். போகும்படி செய்துவிடுவார்கள். யுயாமாவுக்கு யாரும் வேலை சொல்லவில்லை. அவர் பேசினால் பதில் சொல்லவில்லை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர் கொடுப்பது நான். தட்டில் ஒவ்வொருவர் கிண்ணமும் தனித்தனி. அவருடைய நீலக் கோடு போட்ட கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தவள் நான்தான், யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவர் குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டார்.

அண்ணன் ஒரு தேதி குறித்தான். மே முதல் தேதி, மூன்று மணி. அன்று எல்லாரும் உட்கார்ந்து, "சக்கரத்தை இறுக்கியதில் ஊழியரின் தவறு" என்று எழுதிய கடிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டுப் பந்தயச் சங்கத்துக்கு அனுப்புவான். சுவரில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைகளில் யுயாமாவுடையதை எடுத்துவிடுவார்கள். சக்கரத்தைக் கழலவிட்டவன் என்று ஒருமுறை காகிதத்தில் ஏறிவிட்டால், இந்த நாட்டில் எந்தப் பந்தயக் கொட்டகையிலும் அவர் அப்புறம் கால் வைக்க முடியாது. இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

உடைந்த காரில் ஹப்பின் உட்பாதி மட்டும் இருந்தது. அதுவும் சுவரில் நசுங்கிக் கிடந்தது. வெளிப்பாதியும் நட்டும் எங்கோ தெறித்துப் போயிருந்தன. அந்த நட் கிடைத்தால், அது கழன்று விழுந்ததா, உடைந்த துண்டோடு விழுந்ததா என்று தெரிந்துவிடும். யுயாமா தடத்து அலுவலகத்தில் போய்க் கெஞ்சினார். காலை ஆறிலிருந்து எட்டு வரை தேடிக்கொள்ள அனுமதித்தார்கள்.

ஒரு நாள் லாரிச் சாவி அவரிடம் இருக்கிறதென்று அண்ணன் என்னை அங்கே அனுப்பினான். மலை தெரியவில்லை, தடம் தெரியவில்லை, அப்படி ஒரு பனிமூட்டம். குரல்தான் கேட்டது. கிட்டே போய்ப் பார்த்தால், எரிமலைக் கறுப்பு மணலில் கயிற்றால் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக மண்டியிட்டுத் தேடி, முடிந்ததும் எழுந்து விரலை நீட்டி, "இங்க இல்ல, சரி!" என்கிறார். பேன்ட் முட்டி இரண்டும் ஈரம். என்னைப் பார்த்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். எனக்கு மனசு ஒரு கணம் இளகியதை மறைக்கவில்லை. ஆனாலும் பத்து மணிக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்துத்தான் வைத்தேன்.

மே முதல் தேதி காலை எட்டரைக்குச் சமையலறைக்குள் வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார். செர்ரிப் பூ உதிர்ந்து அடைத்துக் கிடந்த வடிகாலில் அகப்பட்டதாம். ஈரப் பூவிதழ்கள் அதில் இன்னும் ஒட்டியிருந்தன. நட். நட்டுக்குள்ளே, இறுக்கிய மேனிக்கு, ஹப்பின் உடைந்த நுனி. கிளிப்கூடத் தன் இடத்தில் இருந்தது. உடைந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாதி வெள்ளி மாதிரிப் பளிச்சென்று இருந்தது, மறுபாதி பழுப்பேறியிருந்தது. பழுப்பேறிய பக்கம் எப்போதோ விரிசல் விட்டது, பளிச்சென்ற பக்கம் அன்றைக்கு உடைந்தது என்று சொன்னார். நுனியில் நம்பர் குத்தியிருந்தது. பதினாலு.

"இது எப்ப வந்ததுன்னு நோட்டுல பாத்துச் சொல்லுங்க, அக்கா. மூணு மணிக்குச் சொன்னாப் போதும்."

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். மார்ச் நான்காம் தேதி, இடது பின் சக்கரம், ஹப் பதினாலு. என் முத்து முத்தான கையெழுத்து. அந்த ஹப் அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் புரட்டினேன். முந்தைய வருஷம் ஆகஸ்ட் பக்கத்தில் இருந்தது. அதுவும் என் கையெழுத்துத்தான். "பதினாலு. மழையில் மோதியது. இனி மாட்டக் கூடாது. சாமி மாடத்தில் வைத்தாயிற்று."

அந்த ஆகஸ்டில் நருசே மழையில் வழுக்கிச் சுவரில் மோதி, ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து நடந்து வந்தான். அடியையெல்லாம் இடது பின் ஹப் வாங்கிக்கொண்டது. பையனைக் காப்பாற்றிய இரும்பைக் குப்பையில் போடுவதா என்று அண்ணன் அதைப் பட்டறைக் கதவுக்கு மேலே இருக்கும் சாமி மாடத்தில் வைத்தான். தினமும் காலையில் அதற்கும் சேர்த்துத்தான் சோறும் உப்பும் தண்ணீரும் வைத்தேன். டிசம்பரில், வருஷக் கடைசிப் பெரிய சுத்தம். மாடத்தில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். ஹப்பில் ஐந்து மாதப் புகை. சாமி காரியம் ஆயிற்றே என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பளபளவென்று மின்னும்வரை தேய்த்தேன். காய்வதற்கு நீள மேசையில் வைத்தேன். அதே மேசையில் பசங்கள் உதிரிப் பாகங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நூடுல்ஸ் கொதி வந்துவிட்டது, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். புது வருஷத்துக்கு மாடத்தை அலங்கரித்தபோது அரிசி மாவுருண்டை வைத்தேன், ஆரஞ்சு வைத்தேன், மது வைத்தேன். ஹப் இல்லை என்று பார்க்கவில்லை. நாலு மாதம், தினமும் காலையில், அது இல்லாத இடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இது யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பக்கம், அதுவும் என் நோட்டில். பக்கத்தைக் காணோம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யுயாமாவின் பெயர்ப் பலகை போகும், என் பெயர் பத்திரமாக இருக்கும். அப்படி நினைத்தேனா என்றால் நினைத்தேன். முழுசாக ஒரு மத்தியானம் நினைத்தேன். அன்று நான் வைத்த சூப்பில் உப்பு வாயை எரித்தது. எல்லாரும் முழுசாகக் குடித்தார்கள்.

மூன்று மணி. கடிதம் மேசையில், பேனா அண்ணன் கையில். யுயாமா நட்டை நடுவில் வைத்தார். செரிசாவா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது, ஆனால் விடவில்லை.

"மார்ச்ல புது ஹப்தானய்யா போட்டோம்? புதுசுல பழைய விரிசல் எப்படி வரும்? வடிகால் கான்கிரீட்ல மோதி உடைஞ்சிருக்கும். தண்ணியில கிடந்து பழுப்பு ஏறியிருக்கும்."

நியாயமான பேச்சு. எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணன் பேனா மூடியைக் கழற்றினான். யுயாமா என் பக்கம் திரும்பினார். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "அக்கா, பதினாலு என்னைக்கு வந்தது?"

பதினாறு நாளாக அவருக்கு ஒரு வாய்த் தேநீர் கொடுக்காதவளிடம்தான் அவர் அதைக் கேட்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி மாடத்தைப் பார்த்தேன். வற்றிப்போன ஆரஞ்சு, மதுக் குப்பி, தூசி. வேறொன்றும் இல்லை.

"பதினாலு புதுசு இல்ல," என்றேன். "அது இங்க இருந்தது. நான்தான் இறக்கினேன். நான்தான் தேச்சுப் புதுசாக்கினேன்."

நோட்டின் இரண்டு பக்கங்களையும் படித்தேன். பிறகு முக்காலியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் விழுந்தேன். நெற்றி சிமெண்டில் பட்டது. மன்னிப்பு, மன்னிப்பு என்று என்னென்னவோ சொன்னேன். யாரோ என் தோளைத் தூக்கினார்கள். யுயாமா.

"எழுந்திரிங்க அக்கா. மன்னிப்பு எங்கயும் ஓடிப்போகாது. அன்னைக்கு எந்த மேசை, யார் எங்க உக்காந்திருந்தாங்க, அதைச் சொல்லுங்க."

அழக்கூட விடவில்லை அந்த மனுஷன். அதே நீள மேசையை இழுத்துப் போட்டு, டிசம்பரில் யார் யார் எங்கே நின்றோமோ அங்கேயே எல்லாரையும் நிற்கவைத்தார். உதிரிப் பாகங்களுக்குப் பதிலாகக் கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கினார். நான் என் இடத்தில் உட்கார்ந்து இல்லாத ஹப்பைத் தேய்த்துக் காட்டினேன். இகெகாயா தன் இடத்தில் நின்றான். சாப்பிடக் கூப்பிட்டதும் மேசையில் இருந்ததையெல்லாம் வாரிப் பெட்டியில் போட்டவன் அவன்தான் என்று அவனுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருந்ததிலேயே அதுதான் பளபளவென்று இருந்ததாம், அதனால் புதுசு இருக்கும் தட்டில் வைத்தானாம். மார்ச்சில் செரிசாவா நம்பரைப் படித்தார், நான் எழுதினேன், இரண்டு பேருமே பழைய பக்கத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் இதே வேலை. கடைசியில் ஒன்பது வரி எழுதினோம். முதல் வரி அண்ணனுடையது. மாட்டக் கூடாத பாகத்தை அறுத்துப் போடாமல் முழுசாக வைத்தது. நான்கு வரி என்னுடையவை. செரிசாவாவுக்கு இரண்டு, இகெகாயாவுக்கு ஒன்று. எட்டு ஆயிற்று. ஒன்பதாவதை யுயாமா தன் கையால் எழுதினார்.

அண்ணன் படித்துவிட்டுச் சொன்னான். "உம்மேல என்னய்யா? உன் நட்டுதான் கல்லு மாதிரி இருந்துச்சே."

"நம்பர் என் கண்ணுக்கு முன்னால இருந்துச்சு, முதலாளி. நட்டைக் காட்டினேன், கிளிப்பைக் காட்டினேன். நம்பரைக் காட்டலை."

அண்ணன் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டான். ஒன்பது வரியையும் அப்படியே சங்கத்துக்கு அனுப்பினான். நான் கிண்ணத்தை நிமிர்த்தித் தேநீர் ஊற்றினேன். யுயாமா ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

மே மூன்றாம் தேதி காலை நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். விபத்து நடந்து பத்தொன்பதாவது நாள். யுயாமா தலையை மழித்திருந்தார். கையில் முலாம்பழம். கதவைத் திறந்த நருசேயின் அம்மா அந்தத் தலையைப் பார்த்ததும் வழிவிட்டார். யுயாமா உட்காரவில்லை. காகிதத்தை எடுத்து ஒன்பது வரியையும் நிதானமாகப் படித்தார். யார் என்ன செய்தோம், யார் எதைப் பார்க்கவில்லை, எல்லாம். நாலு இடத்தில் என் பெயர் வந்தது. ஒன்பதாவதில் அவர் பெயர். படித்து முடித்துக் காகிதத்தை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தார். பிறகுதான் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தார். பக்கத்தில் நானும். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அம்மா கீழே குனிந்து, யுயாமாவின் பக்கத்தில் இருந்த பழத்தை எடுத்துக்கொண்டார்.

நருசே கட்டிலில் இருந்து சொன்னான். "அண்ணே, முன்னாடி வந்த மூணு பழத்தையும் எதுக்குன்னு தெரியாமலே தின்னேன். இதைத் தெரிஞ்சு திங்கறேன். அம்மா, வெட்டு."

அந்தப் பிள்ளை மறு வருஷம் திரும்பிவந்து எங்கள் காரையே ஓட்டினான். இடது பின் சக்கரம் யுயாமாவைத் தவிர வேறு யாரிடமும் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டான். 2009-இல் ஓய்வு பெறும்வரை யுயாமா எங்களோடுதான் இருந்தார். அவர் கத்துவது மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. "நம்பர் சரி! நட் சரி! கிளிப் சரி!" ஐந்து வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் நோயில் போனார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, கட்டிலை விட்டு எழ முடியாத நிலையிலும், அடுப்பை அணைத்துவிட்டு வந்தீர்களா அக்கா என்று கேட்டார். திரும்பி வந்து ஒருமுறை பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது.

பதினாலாம் நம்பர் இப்போதும் சாமி மாடத்தில்தான் இருக்கிறது. உட்பாதி ஒரு பக்கம், நட்டோடு நுனி ஒரு பக்கம், இனி யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி இரண்டுக்கும் சிவப்புச் சாயம் அடித்து. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் மாடத்தை நானே இறக்கிச் சுத்தம் செய்கிறேன். பதினாலை மட்டும் துடைப்பதில்லை. விரலை நீட்டி, நம்பரை உரக்கப் படித்து, தூசியோடு அப்படியே மேலே வைத்துவிடுகிறேன்.